நிர்வாணா டீ-ஷர்ட்ல ஆரம்பிச்சு நியூசிலாந்து வரைக்கும்: நூல் பிடிச்சுப் போன சில இண்டி பாப் பாட்டுங்க

"புதுசா ஏதாச்சும் நல்ல பாட்டு சொல்லு"ன்னு கேக்குறவங்களுக்கு அம்பது அறுபது பாட்டு ப்ளேலிஸ்ட் போட்டு லிங்க் அனுப்புறதை நான் விட்டாச்சு. யாருமே கேக்க மாட்டாங்க. முதல் பாட்டை இருபது செகண்ட் ஓட விடுவாங்க, ரெண்டாவதை ஸ்கிப் பண்ணுவாங்க, அப்புறம் "சூப்பர்டா, நைட் கேக்குறேன்"னு ஒரு தம்ஸ் அப் வரும், அதோட சரி. மியூசிக் ஆப் அதுவா தள்ளிவிடுற பாட்டும் எனக்கு ஒத்து வரல, ஏன்னா ஒரு கிட்டார் பாட்டு பிடிச்சிருக்குன்னு காமிச்சா போதும், அதே மாதிரி சத்தம் போடுற இன்னும் நூறு பாட்டை வரிசையா போட்டுவிடும், ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா எது எந்த பேண்டுன்னே தெரியாது, சாயங்காலம் யோசிச்சா ஒண்ணுகூட மனசுல நிக்காது.

எனக்கு வேலை செய்றது ஒரே வழிதான். ஒரு பாட்டு பிடிச்சா அந்தப் பாட்டுக்குப் பின்னாடி இருக்குற ஆளைப் பிடிக்கணும். யார் எழுதுனது, யார் கீபோர்ட் வாசிச்சது, எந்த லேபிள் (அதாவது ரெக்கார்டை வெளியிட்ட கம்பெனி), அந்த லேபிளை நடத்துனது யாரு, அவங்களுக்கு எந்த பேண்ட் உசுரு. இண்டி பாப்ல இது ரொம்ப ஈஸி, ஏன்னா அந்த உலகமே சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் ரசிகர், ஒருத்தரைப் பிடிச்சா பத்து பேரு கூட வருவாங்க.

நம்ம ஊர்ல இண்டின்னா சினிமாவுக்கு வெளிய வர்ற பாட்டு எல்லாமே இண்டிதான், 2021ல வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யும் அதுல சேரும். நான் இங்க சொல்றது அது இல்ல. எழுபதுகளோட கடைசியில பங்க் ராக் வந்து "வாசிக்கத் தெரியணும்னு அவசியம் இல்ல, ஆரம்பிடா"ன்னு சொன்னதுக்கு அப்புறம், கோவத்தை மட்டும் கழட்டி வச்சிட்டு மெட்டை எடுத்துக்கிட்ட பசங்க இருக்காங்கல்ல, கிளாஸ்கோ, பிரிஸ்டல், ஆக்ஸ்ஃபோர்ட், நியூசிலாந்துல இருக்குற டனீடன்னு அங்கங்க சொந்தக் காசுல ரெக்கார்ட் போட்ட கூட்டம், அதைத்தான் சொல்றேன்.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கிறது? உங்க வீட்லயும் ஒரு நிர்வாணா டீ-ஷர்ட் கண்டிப்பா இருக்கும். மஞ்சக் கலர்ல ஸ்மைலி போட்டு, கண்ணு ரெண்டும் எக்ஸ் மார்க்கா இருக்குமே, அது. என் மச்சான்கூட ஒண்ணு வச்சிருக்கான், பனியன் கடையில வாங்குனது, அவனுக்கு அது ஒரு பேண்டுன்னே ரொம்ப நாள் தெரியாது. அந்த நிர்வாணா 1993 நவம்பர்ல நியூயார்க்ல எம்டிவிக்காக அன்ப்ளக்ட் நிகழ்ச்சி பண்ணாங்க. அதுல பேஸ் கிட்டார் வாசிக்கிற கிறிஸ்ட் நோவோசெலிச் அக்கார்டியனைத் தூக்கி மாட்டிக்கிட்டு வாசிக்கிற ஒரு பாட்டு வரும், 'ஜீசஸ் டஸ்ன்ட் வான்ட் மீ ஃபார் அ சன்பீம்'. அது அவங்க பாட்டே கிடையாது. வேஸ்லின்ஸ்னு ஒரு ஸ்காட்லாந்து பேண்டோடது.

யூஜின் கெல்லி, ஃப்ரான்சஸ் மெக்கீ, இவங்க ரெண்டு பேரும்தான் வேஸ்லின்ஸ். 1987ல ஒரு ஈபி (சில பாட்டு மட்டும் இருக்குற சின்ன ரெக்கார்ட்), 1988ல இன்னொண்ணு, 1989ல ஒரு ஆல்பம், அந்த ஆல்பம் வந்த நேரத்துல பேண்டே அப்போதைக்குக் கலைஞ்சு போச்சு. அவ்ளோதான். ஆனா நிர்வாணா பாடகர் கர்ட் கோபேனுக்கு இவங்க மேல அவ்ளோ பைத்தியம், மொத்தம் மூணு பாட்டை எடுத்து நிர்வாணா பாடியிருக்காங்க. அதுல 'மாலிஸ் லிப்ஸ்' இருக்கு பாருங்க, நிர்வாணா பாடுனது சும்மா கரகரன்னு ஓடிப் போயிடும், ஒரிஜினலைக் கேளுங்க, நடுவுல நடுவுல சைக்கிள் ஹாரன் அடிக்கும். நம்ம ஐஸ் வண்டிக்காரர் வச்சிருப்பாரே, அந்த ரப்பர் பல்பு ஹாரன். அதை ஒரு இன்ஸ்ட்ருமென்ட்டா வச்சிருக்காங்க, அதுவும் ரொம்ப சீரியஸா, கரெக்ட்டா தாளத்துக்கு. நான் முதல் தடவை கேட்டப்ப ரோட்ல யாரோ ஹாரன் அடிக்கிறாங்கன்னு ஹெட்ஃபோனைக் கழட்டிப் பாத்தேன். இண்டி பாப் பிடிக்குமா பிடிக்காதான்னு அந்த ஹாரன்லயே தெரிஞ்சிடும். சிரிப்பு வந்துச்சுன்னா உள்ள வாங்க.

இப்ப அந்த ஈபியைத் திருப்பிப் பாருங்க, லேபிள் பேரு ஃபிஃப்டி-தேர்ட் அண்ட் தேர்ட். ரமோன்ஸ்ங்கிற பங்க் பேண்டோட பாட்டுப் பேருல வச்ச லேபிள். அதை ஆரம்பிச்சதுல ஒருத்தர் ஸ்டீஃபன் பாஸ்டல், பாஸ்டல்ஸ்ங்கிற கிளாஸ்கோ பேண்டோட பாடகர். இந்தாளைச் சுத்தித்தான் பாதி கதையே ஓடுது. மனுஷன் இன்னைக்கும் கிளாஸ்கோல மோனோரெயில்னு ஒரு ரெக்கார்ட் கடையில இருக்காரு. பாஸ்டல்ஸ்ல ஒரே பாட்டு கேக்கணும்னா 1989ல வந்த 'நத்திங் டு பி டன்'. ஆணும் பொண்ணும் மாத்தி மாத்திப் பாடுற டூயட்டுதான், ஆனா நம்ம டூயட் மாதிரி யாரும் யாரையும் கவர் பண்ற மாதிரி பாட மாட்டாங்க, ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி பாடுவாங்க.

இந்த பாஸ்டல்ஸ் பேட்ஜைச் சட்டையில குத்திக்கிட்டு எண்பதுகளோட நடுவுல ஆக்ஸ்ஃபோர்ட்ல ஒரு கிளப்புக்கு ரெண்டு பொண்ணுங்க தனித்தனியா போறாங்க. ஒருத்தி பேட்ஜை ஒருத்தி பாத்துப் பேச்சுக் குடுக்க, பேண்ட் ஆரம்பிச்சாச்சு. பேரு டலூலா காஷ். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் எலிசபெத் ப்ரைஸ், பின்னாடி வீடியோ ஆர்ட்டிஸ்ட் ஆகி 2012ல டர்னர் பரிசு வாங்குனாங்க, அதாவது பிரிட்டன்ல நவீன ஓவியம் சிற்பம் பக்கம் இருக்குறதுலயே பெரிய பரிசு. இன்னொருத்தர் அமீலியா ஃப்ளெச்சர். இவங்க கதை இன்னும் விசேஷம். பொருளாதாரம் படிச்சு, பிரிட்டிஷ் அரசாங்கத்தோட வணிகப் போட்டி ஆணையத்துல தலைமைப் பொருளாதார நிபுணரா இருந்து, இப்ப ப்ரொஃபசர், அரசாங்க விருதெல்லாம் வாங்கியிருக்காங்க. இத்தனைக்கும் நடுவுல பேண்ட்ல பாடுறதை விடல. "பாட்டு பாட்டுன்னு சுத்தாத, படிக்கிற வழியைப் பாரு"ன்னு சொல்ற வீட்ல இவங்க பேரை தாராளமா எடுத்துவிடலாம்.

டலூலா காஷ் கலைஞ்சதும் அமீலியா ஆரம்பிச்சது ஹெவன்லி. அவங்க தம்பி மேத்யூதான் டிரம்ஸ். 1993ல வந்த 'பி.யு.என்.கே. கேர்ள்' பாட்டைக் கேளுங்க, ரெண்டரை நிமிஷம் போலதான், துள்ளலா இருக்கும், ஆனா வரியைக் கவனிச்சா அவ்ளோ துள்ளல் இல்ல. ஹெவன்லியோட சாமர்த்தியமே அதுதான், சாக்லேட் பேப்பர் சுத்தி கசப்பு மாத்திரை குடுக்குறது. அந்த வருஷத்துப் பாட்டுங்கள்லயே 'ஹார்ட்ஸ் அண்ட் கிராஸஸ்'னு ஒண்ணு இருக்கு, சம்மதம் இல்லாம ஒரு பொண்ணுகிட்ட ஒருத்தன் நடந்துக்கிறதைப் பத்தினது, அதுவும் இதே துள்ளல் மெட்டுல ஆரம்பிக்கும். கேட்டுட்டு கொஞ்ச நேரம் வேற பாட்டு போட முடியாது. 1996ல மேத்யூ இறந்து போனாரு, பேண்டை அதோட நிறுத்திட்டாங்க. 2023ல தான் திரும்ப ஒண்ணா லண்டன்ல மேடை ஏறுனாங்க, அதுக்குள்ள இந்த 'பி.யு.என்.கே. கேர்ள்' டிக்டாக்ல இருபது வயசுப் புள்ளைங்க கிட்ட போய்ச் சேந்திருச்சு.

இங்க நான் ஒரு சண்டையைப் பத்திச் சொல்லியே ஆகணும். எங்க சித்தி பொண்ணு சின்ன வயசுல இருந்து கர்நாடக சங்கீதம் கத்துக்கிறவ. டலூலா காஷ் போட்டுக் காமிச்சேன். முப்பது செகண்ட் கேட்டா. "அண்ணா, ஸ்ருதியே நிக்கலண்ணா, இதை எப்படி கேக்குற?"ன்னா. நியாயமான கேள்விதான். நம்ம காது எஸ்.பி.பி., ஜானகி அம்மா, சித்ரான்னு வளந்த காது, குரல்ல ஒரு நூல் பிசகுனா உடனே தெரியும். இதுக்கு என்கிட்ட பெரிய தத்துவ பதில் எல்லாம் கிடையாது. சில பேருக்கு அந்தப் பிசகு பாட்டோட ஒட்டிப் போகும், சில பேருக்கு நெசமாவே பாட வராது. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லி "அதுதான்டா அழகே"ன்னு சப்பைக்கட்டு கட்டுற ரசிகர்களை எனக்குப் பிடிக்காது. அமீலியா குரல் முதல் ரகம், பயிற்சி இல்லாத குரல், ஆனா எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியும். சித்தி பொண்ணுக்கு அடுத்ததா கேமரா அப்ஸ்க்யூராங்கிற பேண்டோட பாட்டை அனுப்புனேன், அது உடனே பிடிச்சிருச்சு. அதுக்கு அப்புறமா வர்றேன்.

ரெண்டாவது ரகத்தை நேர்ல பாக்கணும்னா சி86 கேளுங்க. 1986ல என்எம்இங்கிற பிரிட்டிஷ் மியூசிக் பத்திரிகை தபால்ல வித்த ஒரு கேசட், 22 பேண்ட், 22 பாட்டு. இந்த வகையறாவுக்கே அதுதான் பேரு வச்ச மாதிரி ஆயிடுச்சு. பெரிய வரலாற்றுப் பொக்கிஷம்னு எல்லாரும் சொல்வாங்க, நான் சொல்றேன், பாதிக்குப் பாதி டப்பா. கடகடன்னு தகரத்தை உருட்டுற மாதிரி கிட்டார், கத்தல். ஆனா முதல் பாட்டு ப்ரைமல் ஸ்க்ரீமோட 'வெலாசிட்டி கேர்ள்' இருக்கே, ஒண்ணரை நிமிஷம்கூட கிடையாது, ஒரு சிங்கிளோட (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்குற சின்ன ரெக்கார்ட்) பின்பக்கத்துல போட்டு ஒதுக்கி வச்ச பாட்டு, அதுக்காகவே மொத்த கேசட்டையும் மன்னிக்கலாம். முடிஞ்சதும் கை தானா திரும்பப் போட்டுடும். பாஸ்டல்ஸும் அதுல இருக்காங்க, ஷாப் அசிஸ்டன்ட்ஸும் இருக்காங்க, அந்த ரெண்டும் கேளுங்க, மிச்சத்தை ஆர்வம் இருந்தா பாத்துக்கலாம்.

ஹெவன்லி இருந்த லேபிள் சாரா ரெக்கார்ட்ஸ். பிரிஸ்டல்ல ஒரு வீட்டு ஃப்ளாட்ல இருந்து கிளேர் வாட், மேட் ஹேன்ஸ்னு ரெண்டு பேரு 1987ல ஆரம்பிச்சது. ரெண்டு பேருமே அதுக்கு முன்னாடி கையால எழுதி ஜெராக்ஸ் எடுத்து விக்கிற ஃபேன்சீன் நடத்துனவங்க, நம்ம சிற்றிதழ் ஆளுங்க மாதிரின்னு வச்சுக்கோங்களேன், அதே வைராக்கியம், அதே கையில காசு இல்லாத நிலைமை. இவங்க கொள்கை ரொம்பக் கறார். ரசிகன் ஒரே பாட்டை ரெண்டு தடவை காசு குடுத்து வாங்கக் கூடாது, அதனால சிங்கிளா வந்ததை ஆல்பத்துல திரும்பப் போட்டு விக்கிற பழக்கம் கிடையாது. ஏழு இஞ்ச் ரெக்கார்ட்தான் முக்கியம். தொகுப்பு ஆல்பங்களுக்கு எல்லாம் பிரிஸ்டலைச் சுத்தி இருக்குற இடங்களோட பேரு. அம்பதாவது வெளியீட்டுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா, ரெக்கார்டே இல்ல, ஒரு போர்ட் கேம். மொனாப்பலி மாதிரி. கேட்லாக்ல அதுக்கும் நம்பர் உண்டு.

சாரா 1 எது? சீ அர்ச்சின்ஸோட 'ப்ரிஸ்டீன் கிறிஸ்டீன்', 1987 நவம்பர். அறுபதுகள்ல இருந்து தப்பிச்சு வந்த மாதிரி கிணுகிணுன்னு கிட்டார், பாடுற பையன் பாதி வார்த்தையை முழுங்குவான், ஒண்ணும் புரியாது, பரவால்ல. சாரா 100 வரைக்கும் போனாங்க. 1995ல நூறாவதா ஒரு தொகுப்பை வெளியிட்டுட்டு, பார்ட்டி வச்சு, பத்திரிகைல விளம்பரம் குடுத்து கடையைச் சாத்திட்டாங்க. நஷ்டத்துல மூடல, யாரும் மூடச் சொல்லல. நூறு வந்துச்சு, போதும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பத்திரிகைங்க இவங்களை நக்கல் அடிச்சது கொஞ்ச நஞ்சம் இல்ல, அழுமூஞ்சிங்க, பொம்பளத்தனம், அப்படி இப்படின்னு. கிளேர் வாட் அந்த நக்கலுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நேராவே எடுத்துச் சொன்னவங்க, பொண்ணுங்க நடத்துறது, பசங்க மெதுவா பாடுறதுன்னா ஏன் உடனே மட்டமாத் தெரியுதுன்னு. இப்ப அதே பத்திரிகைக்காரங்க சாராவுக்குப் பக்கம் பக்கமா கட்டுரை எழுதுறாங்க, எனக்கு வயிறு எரியுது.

சாரால நான் எல்லாருக்கும் அனுப்புறது ஃபீல்டு மைஸ். தெற்கு லண்டன்ல மிச்சம்ங்கிற இடத்துல இருந்து வந்த ரெண்டு பசங்க, ராபர்ட் ராட்டன் கிட்டாரும் பாட்டும், மைக்கேல் ஹிஸ்காக் பேஸ். டிரம்மர் கிடையாது, டிரம் மெஷின். 1988ல 'எம்மாஸ் ஹவுஸ்'. ராஜா ரசிகருங்க கிட்ட இதைச் சொல்றப்ப நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவேன், "பேஸை மட்டும் கேளு". ராஜாவைக் கேட்டு வளந்த நமக்கு அடியில ஓடுற பேஸைத் தனியா பிரிச்சுக் கேக்குற பழக்கம் யாரும் சொல்லிக் குடுக்காமயே வந்திருக்கு, அது இங்க ரொம்ப உதவுது. டிரம் மெஷின் பாட்டுக்கு டிக் டிக்னு ஒரே மாதிரி போகும், கிட்டார் சும்மா தூறல் போடும், பாடுறவனோ சத்தமா பாடுனா பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார்ங்கிற மாதிரி பாடுவான், ஆனா அந்த பேஸ் மட்டும் தனியா ஒரு மெட்டை வச்சுக்கிட்டு நடந்து போயிட்டே இருக்கும். காலியான வீடு, அதுல இருந்தவ இப்ப இல்ல. விஷயம் அவ்ளோதான்.

அடுத்து 1989ல 'சென்ஸிட்டிவ்'. இது அவங்களை அழுமூஞ்சின்னு சொன்னவங்களுக்குப் பதில் மாதிரி, ஆமாடா எனக்கு எல்லாம் வலிக்கும், அதுனால என்னன்னு. இதுல அதே சாந்தமான பையன் கிட்டாரைப் போட்டு இரையவிட்டு, கடைசில பாடுறதை நிறுத்திட்டு இரைச்சலை மட்டும் நீளமா ஓட விட்டிருப்பான். வால்யூமைக் குறைக்காதீங்க, அதுதான் பாட்டோட பாதி.

ஃபீல்டு மைஸ்ல இருந்து நூல் எங்க போகுதுன்னு பாருங்க, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்ணி. அவங்களோட 'லெட்ஸ் கிஸ் அண்ட் மேக் அப்'ங்கிற பாட்டை 1990ல செயின்ட் எடியன்ங்கிற லண்டன் பேண்ட் எடுத்து டான்ஸ் பீட் போட்டு 'கிஸ் அண்ட் மேக் அப்'னு விட்டாங்க. ஒரிஜினல் ரூமுக்குள்ள உக்காந்து கெஞ்சும், இது கிளப்ல நின்னு கெஞ்சும். அதுல பாடியிருக்குறது யாருன்னு பாத்தா செயின்ட் எடியனோட வழக்கமான பாடகி சாரா க்ராக்நெல் இல்ல, டோனா சாவேஜ்னு ஒருத்தர், நியூசிலாந்துக்காரங்க, டெட் ஃபேமஸ் பீப்பிள்ங்கிற ஆக்லாந்து பேண்ட்ல இருந்து லண்டனுக்கு வந்தவங்க. இந்த டோனாவே அதே 1990ல இன்னொரு பாட்டுலயும் பின்குரல் குடுத்திருக்காங்க, சில்ஸ்ங்கிற டனீடன் பேண்டோட 'ஹெவன்லி பாப் ஹிட்'. அப்படித்தான் பிரிஸ்டல்ல இருந்து கிளம்புன நான் டனீடன்ல போய் இறங்குனேன். எந்த ஆப்பும் எனக்கு இந்த ரூட்டைக் காமிச்சிருக்காது, ஏன்னா இந்த ரெண்டு பாட்டுக்கும் சத்தத்துல சம்பந்தமே இல்ல, ஒரு பொண்ணோட தொண்டைதான் சம்பந்தம்.

'ஹெவன்லி பாப் ஹிட்' பேருக்கு ஏத்த மாதிரி, கும்முனு ஆர்கன், காலைல போட்டா நாளே நல்லா ஆரம்பிக்கும். ஆனா சில்ஸ்ல நான் உங்களைக் கையைப் பிடிச்சு உக்கார வச்சு கேக்கச் சொல்றது 'பிங்க் ஃப்ராஸ்ட்'. 1984ல வந்தது. ஆரம்பிக்கிறப்ப கொஞ்சம் வெளிச்சமா, சாதாரண கிட்டார் பாட்டு மாதிரி ஒரு முன்னுரை வரும், சரி இது வேற மாதிரி சந்தோஷப் பாட்டு போலன்னு நினைப்பீங்க. அது அப்படியே கரைஞ்சு போயி, அடியில இருந்து வேற ஒரு பேஸும் கிட்டாரும் எழும்பும். ஒரே ரிஃப், அதாவது ஒரு குட்டி மெட்டுத் துண்டு, சுத்திச் சுத்தி, ஜில்லுனு. பாடுறவன் ஒரு பொண்ணு செத்துக் கிடக்குறதைப் பாத்துட்டு என்ன பண்றதுன்னு தெரியாம பயந்து போய் நிக்கிறான், யார் பண்ணது, எப்படின்னு பாட்டு சொல்லாது. டிரம்ஸைக் கவனிங்க, அடிக்கிற மாதிரியே இருக்காது, தட்டிக்கிட்டே இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு லைட் ஆஃப் பண்ணிட்டுக் கேக்காதீங்க, நான் சொல்லலைன்னு வேண்டாம்.

அந்த டிரம்ஸ் வாசிச்ச மார்ட்டின் புல், பாட்டு 1982லயே பதிவாகியும், அது வெளிய வர்றதைப் பாக்கல. லுகீமியா வந்து 1983ல இறந்துட்டாரு. போறப்ப தன்னோட லெதர் ஜாக்கெட்டை பேண்டோட பாடகர் மார்ட்டின் ஃபிலிப்ஸுக்குக் குடுத்துட்டுப் போனாரு. அந்த ஜாக்கெட்டைப் பத்தித்தான் 1986ல 'ஐ லவ் மை லெதர் ஜாக்கெட்'. கதை தெரியாம கேட்டா ஏதோ ரவுடித்தனமான ராக் பாட்டு, ஜாக்கெட் போட்டுக்கிட்டு கெத்து காட்டுறான்னு தோணும், தெரிஞ்சுக்கிட்டு கேட்டா தொண்டை அடைக்கும், ஆனா மெட்டு உங்களை அழ விடாது, காலைத் தட்ட வைக்கும். ஃபிலிப்ஸும் 2024ல போயிட்டாரு, 61 வயசு.

இந்த மார்ட்டின் ஃபிலிப்ஸ் பையனா இருந்தப்ப வேற ஒரு பேண்டுக்கு ஆர்கன் வாசிச்சுக் குடுத்தாரு. அதுதான் த க்ளீன், பாட்டு 'டேலி ஹோ!', 1981, கிறைஸ்ட்சர்ச்ல புதுசா ஆரம்பிச்ச ஃப்ளையிங் நன் லேபிளோட ரெண்டாவது வெளியீடு. பதிவு பண்ண ஆன செலவு 50 டாலர்னு சொல்றாங்க, கேட்டாலே தெரியும், ஏதோ பாத்ரூம்ல வாசிச்ச மாதிரி இருக்கும். ஆனா அந்த ஆர்கன்! குழந்தைங்க விளையாட்டு கீபோர்ட்ல வாசிக்கிற மாதிரி ஒரு அல்ப மெட்டு, வாரம் முழுக்க மண்டைய விட்டுப் போகாது. அது நியூசிலாந்து டாப் 20க்குள்ள போயிடுச்சு, அதைப் பாத்துத்தான் தெற்குத் தீவுல இருந்த அத்தனை பசங்களுக்கும் நாமளும் பண்ணலாம்னு தைரியம் வந்துச்சு.

திரும்ப கிளாஸ்கோ. ஆரஞ்ச் ஜூஸ்ங்கிற பேண்டைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் சுருக்கமா முடிக்கிறேன். 1980ல 'ஃபாலிங் அண்ட் லாஃபிங்', 1983ல 'ரிப் இட் அப்', ரெண்டும் கேளுங்க, பாடுன எட்வின் காலின்ஸ் 2005ல மூளையில ரத்தக்கசிவு வந்து பேச்சே போயி, நாலஞ்சு வார்த்தையில இருந்து ஆரம்பிச்சு திரும்பப் பாட வந்த மனுஷன்.

பெல் அண்ட் செபாஸ்டியன்ங்கிற பேண்டோட கதை நம்ம ஊரு காலேஜ் பசங்களுக்குப் பிடிக்கும். கிளாஸ்கோல ஸ்டோ காலேஜ்ல மியூசிக் பிசினஸ் படிச்ச பசங்க அப்பல்லாம் வருஷா வருஷம் ப்ராஜெக்ட்டா ஒரு சிங்கிள் வெளியிடணும். 1996ல அவங்க கையில மாட்டுனது ஸ்டூவர்ட் மர்டாக். பல வருஷம் நோயில வீட்டோட முடங்கிக் கிடந்தப்ப எழுதுன பாட்டுங்க மூட்டை மூட்டையா வச்சிருந்தாரு. சிங்கிள் எதுக்கு, ஆல்பமே போட்டுருவோம்னு 'டைகர்மில்க்' 1,000 காப்பி போட்டாங்க. அதுல முதல் பாட்டு 'த ஸ்டேட் ஐ ஆம் இன்', அஞ்சு நிமிஷம், ஒரு சிறுகதை. மியூசிக்கை விட்டுட்டு வரிகளுக்காகவே கேக்கலாம். மூணு வருஷம் கழிச்சு ஆல்பத்தைத் திரும்ப வெளியிடுற வரைக்கும் அந்த ஆயிரம் காப்பிக்கு அடிதடி.

இப்ப சித்தி பொண்ணுக்குப் பிடிச்ச கேமரா அப்ஸ்க்யூரா. அதே கிளாஸ்கோதான். 1984ல லாய்ட் கோல்ங்கிற பாடகர் ஒரு பாட்டுல "மனசு உடையத் தயாரா?"ன்னு கேட்டு வச்சாரு. 22 வருஷம் கழிச்சு 2006ல கேமரா அப்ஸ்க்யூரா பாடகி ட்ரேசியான் கேம்பெல் பதில் சொன்னாங்க: 'லாய்ட், ஐ'ம் ரெடி டு பி ஹார்ட்ப்ரோக்கன்'. நம்ம ஊர் எசப்பாட்டு மாதிரிதான், என்ன, கொஞ்சம் லேட். ஆர்கன் எடுப்புலயே ஆளைத் தூக்கிரும். குரலும் ஸ்ருதி சுத்தமா நிக்கும், வீட்ல ஸ்பீக்கர்ல தைரியமா போடலாம். பேண்ட்ல கீபோர்ட் வாசிச்ச கேரி லேண்டர் 2015ல புற்றுநோய்ல இறந்துட்டாங்க, அதுக்கப்புறம் ஆல்பமே இல்ல, 2024ல தான் அடுத்தது வந்துச்சு. அதுல வர்ற 'சுகர் ஆல்மண்ட்' கேரிக்காக எழுதுனது. வெறும் பியானோதான் பக்கத்துல.

அமெரிக்கா பக்கம் ஒரு நூல் போகுது. 'வெலாசிட்டி கேர்ள்' சொன்னேன்ல, அந்தப் பாட்டுப் பேரையே பேருக்கு வச்சுக்கிட்டு வாஷிங்டன் பக்கம் ஒரு பேண்ட் வந்துச்சு. அதுல இருந்த ரெண்டு பேரு கூட சேந்து ப்ளாக் டாம்பரீன்னு இன்னொரு பேண்ட், அதுல ஒரு பாட்டு முழுக்க பாஸ்டல்ஸ்ல வாசிச்ச 'ஆகி'ங்கிற பொண்ணு மேல பொறாமை, அவளைப் பாலத்துல இருந்து தள்ளிவிடுன்னு ஸ்டீஃபன் பாஸ்டலைக் கேக்குற பாட்டு! ரசிகத்தனம் இதுக்கு மேல போக முடியாது. பாடுனது பாம் பெர்ரி. அவங்க நண்பியோட சேந்து 1992ல ஆரம்பிச்ச ஃபேன்சீன் சிக்ஃபாக்டர், அந்தப் பேருல பெல் அண்ட் செபாஸ்டியன் 1998ல ஒரு பாட்டே பாடியிருக்காங்க. சுத்திச் சுத்தி சுப்பர் கொல்லைன்னு சொல்வாங்கள்ல, அதேதான்.

அந்த ப்ளாக் டாம்பரீன்ல இருந்த மைக் ஷுல்மன்தான் ஸ்லம்பர்லேண்ட் லேபிள் நடத்துறாரு, 1989ல இருந்து. புதுப் பாட்டு வேணும்கிறவங்க இங்க வாங்க. பழசு மட்டும்தான் பொன்னுன்னு நான் சொல்லவே மாட்டேன். 2009ல பெய்ன்ஸ் ஆஃப் பீயிங் ப்யூர் அட் ஹார்ட் முதல் ஆல்பம், இரைச்சல் கிட்டார் பிடிச்சவங்களுக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவோட அம்ப்ரெல்லாஸ் 2024ல 'ஃபேர்வெதர் ஃப்ரெண்ட்'னு ஒரு ஆல்பம் விட்டாங்க, ஆணும் பொண்ணும் சேந்து பாடுறது, சி86 கேசட்டுல இது இருந்திருந்தா நான் டப்பான்னு சொல்லியிருக்க மாட்டேன். நியூயார்க்ல ஆரம்பிச்ச ஜீனைன்ஸ் பாட்டு பாதி ரெண்டு நிமிஷத்தைத் தொடவே தொடாது, டீ ஆறுறதுக்குள்ள நாலு பாட்டு கேட்டுறலாம். நியூ ஜெர்சி லைட்ஹெடட் இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கேன், 'கம்பஸ்டிபிள் ஜெம்ஸ்' நல்லா போகுது.

இதெல்லாம் வேணாம், ஒரே ஒரு பாட்டு, உடனே பிடிக்கணும்னு கேட்டா டொரன்டோவோட ஆல்வேஸ். 2014ல 'ஆர்ச்சி, மேரி மீ'. காதலனுக்குக் கல்யாணம்னாலே அலர்ஜி, எஜுகேஷன் லோன் வேற கட்ட வேண்டியிருக்கு, நாளைக்குப் பிரிஞ்சா ஜீவனாம்சம் குடுக்கணுமேன்னு இப்பவே பயம். அவ சொல்றா, பத்திரிகை வேணாம், பூ வேணாம், சும்மா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவோம் வாடான்னு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு ஈஎம்ஐ கணக்குப் போட்டுக்கிட்டு இருந்த ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு இதை அனுப்புனேன். ஒரு வாரம் அதையே ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தான், பொண்ணு வீட்ல யாருக்கும் இங்கிலீஷ் பாட்டு புரியாதுங்கிற தைரியத்துல. பிடிச்சா 2022ல வந்த 'ப்ளூ ரெவ்' ஆல்பத்துக்குப் போங்க. டெமோ வச்சிருந்த ரெக்கார்டரை எவனோ திருடிட்டுப் போயி, அடுத்து வெள்ளம் வந்து சாமானெல்லாம் நனையப் பாத்து, அதுக்கப்புறம் வந்த ஆல்பம் அது.

நீங்களா தேடணும்னா பேண்ட்கேம்ப்னு பாட்டு விக்கிற வெப்சைட்ல ஒரு ஆல்பத்தைத் தொறந்து கொஞ்சம் கீழயோ பக்கத்துலயோ பாருங்க, அதை வாங்குனவங்க முகம் எல்லாம் குட்டிக் குட்டியா இருக்கும். ஏதாச்சும் ஒண்ணை அமுக்குனா அந்த ஆள் வாங்குன மொத்த ரெக்கார்டும் வரும். முகம் தெரியாத ஒரு ஆளோட அலமாரியைக் குடையுறதுதான் அது. அவர் காசு குடுத்து வாங்குனது, சும்மா லைக் போட்டது இல்ல, அதனால எனக்கு அது மேல மரியாதை. பாதிக்கு மேல முழுசா ஓசியிலயே கேக்க விடுவாங்க. டிஸ்காக்ஸ்னு ரெக்கார்ட் விவரம் எல்லாம் இருக்குற வெப்சைட்ல போய் ஒரு ரெக்கார்டைத் தேடுனா யார் என்ன வாசிச்சாங்கன்னு பேரு பேரா இருக்கும், டோனா சாவேஜ் மாதிரி ஆளுங்க அங்கதான் மாட்டுவாங்க.

அப்புறம் அடுத்தவங்களுக்கு அனுப்புறப்ப ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டு மட்டும் அனுப்புங்க. கூடவே "ஹாரனைக் கேளு", "பேஸைக் கேளு", "முதல் அரை நிமிஷத்தை நம்பாத"ன்னு ஏதாச்சும் ஒரு வரி. மச்சானுக்கு நான் போன வாரம் வேஸ்லின்ஸ் அனுப்புனேன், "உன் டீ-ஷர்ட்டுக்கு அப்பாரு"ன்னு எழுதி. "யார்றா இது ஹாரன் அடிக்கிறது"ன்னு வாய்ஸ் நோட் வந்துச்சு, சிரிச்சுக்கிட்டே. அவனுக்கு அடுத்து 'டேலி ஹோ!'தான்.